கண்ணாடியைத் தூக்கிப் பிடிக்கும் விரல்

48 வயது வாசகி ஒருவர் நான்கு பக்கங்களுக்கு எழுதியிருக்கிறார். ஓர் அலுவலகத்தின் கணக்குப் பிரிவில் வேலை. நாள் முழுவதும் கணினித் திரை. கல்லூரிக் காலத்திலிருந்து கண்ணாடி அணிகிறார். வலக்கண்ணுக்கு மைனஸ் 1.25, இடக்கண்ணுக்கு மைனஸ் 3.00. ஓராண்டாகச் சிறிய எழுத்துகள் மங்கத் தொடங்கியதால், கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படித்துவந்தார். பரிசோதனையில், அருகில் பார்ப்பதற்கு 1.75 கூடுதல் பவர் வேண்டும் என்று சொல்லி தூரத்துக்கும் படிப்பதற்கும் ஒரே லென்ஸில் கோடில்லாமல் பவர் மாறும் புரோகிரசிவ் லென்ஸ் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். உயரம் குறைந்த, ஒல்லியான பிரேம் ஒன்று பிடித்துப்போய் அதையே வாங்கியிருக்கிறார். கடிதம் எழுதியது அதை அணியத் தொடங்கிய 11ஆம் நாள்.

படி இறங்கும்போது கடைசிப் படி எங்கே முடிகிறது என்று தெரியாமல் காலால் துழாவுகிறாராம். தலையைத் திருப்பினால் கதவு நிலை வளைகிறது. திரையைப் பார்க்க முகவாயை உயர்த்த வேண்டியிருப்பதால் மாலைக்குள் பின்கழுத்து இறுகிவிடுகிறது. தாளில் அச்சான எழுத்தைப் படித்தால் பாதி வரிதான் தெளிவு. வீடு திரும்பியதும் "கண்ணுக்கு ஓய்வாக" பழைய கண்ணாடிக்கு மாறிவிடுகிறார். கடையில் இரண்டு முறை கேட்டும் ஒரே பதில்: பழகிவிடும். தூரத்துக்கும் படிப்பதற்கும் கோடு போட்டுப் பிரித்த பைஃபோகல் வாங்கச் சொல்கிறார் அண்ணன். தோழி லேசிக் என்ற லேசர் அறுவையைச் செய்துகொண்டு கண்ணாடியையே தூக்கிப் போடச் சொல்கிறார். "எல்லாருக்கும் பழகுவது எனக்கு மட்டும் ஏன் பழகவில்லை? என் மூளையில்தான் கோளாறா?" என்று கேட்டுவிட்டு, பின்குறிப்பாக இன்னொரு கேள்வியையும் சேர்த்திருக்கிறார். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தின் மூன்றாம் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள்: "ஒரு விரலால் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்தால் திரை பளிச்சென்று தெரிகிறது, விரலை எடுத்தால் போய்விடுகிறது." மற்ற பக்கங்களை ஒரு முறை படித்தேன், இந்த வரியை மூன்று முறை படித்தேன். உங்கள் சிக்கலில் பாதியை அந்த விரல் ஏற்கெனவே கண்டுபிடித்துவிட்டது. மூளையைக் குறை சொல்வதற்கு முன்னால், கண்ணாடி உங்கள் முகத்தில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்போம்.

முதலில் வெள்ளெழுத்தைப் பற்றிக் கொஞ்சம். கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் இளமையில் நெகிழ்வாக இருக்கும். அருகில் பார்க்கும்போது உப்பிக் கூடுதல் பவர் தரும். வயது ஏற ஏற அது இறுகுகிறது. நாற்பதை ஒட்டி அந்த இறுக்கம் கையிலிருக்கும் தாளில் தெரிய ஆரம்பிக்கிறது. அறுபதை ஒட்டி ஏறக்குறைய முழுதாக இறுகிவிடுகிறது. திரை பார்ப்பதால் வருவதல்ல, பயிற்சியால் திரும்புவதுமல்ல. "கண்ணாடி போட்டால் கண் சோம்பேறியாகி பவர் ஏறும்" என்று நீங்கள் அஞ்சுவதைப் பலரும் அஞ்சுகிறார்கள். போட்டாலும் போடாவிட்டாலும் அது தன் வேகத்தில் ஏறும். போடாமல் தள்ளிப்போட்டால், முதல் கண்ணாடியே பெரிய கூடுதல் பவரோடு வந்து சேரும். பழகுவதும் அந்த அளவுக்குக் கடினமாகும். 1.00 கூடுதலில் தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் அலட்டிக்கொள்ளாமல் பழகிவிடுகிறார்கள். நீங்கள் நேராக 1.75இல் இறங்கியிருக்கிறீர்கள்.

இனி லென்ஸ். 1959இல் பிரான்சில் வாரிலக்ஸ் என்ற பெயரில் வந்து சந்தையில் நிலைத்த வடிவத்தின் வழித்தோன்றல்களைத்தான் இன்றும் அணிகிறோம். மேல்பகுதி தூரத்துக்கு, கீழ்ப்பகுதி படிப்பதற்கு, நடுவில் பவர் படிப்படியாக மாறும் ஒரு குறுகிய வழி. மணல் கடிகாரத்தின் இடுப்பைப் போல நினைத்துக்கொள்ளுங்கள். கோடு தெரியாமல் பவர் மாற வேண்டுமென்றால் லென்ஸின் பரப்பு அதற்கு ஒரு விலை கொடுத்தாக வேண்டும். அந்த விலையை ஓரங்களில் வாங்கிக்கொள்கிறது. 1963இல் மின்க்விட்ஸ் என்பவர் கணக்குப் போட்டுக் காட்டியது இதுதான்: நடுக்கோட்டை ஒட்டி, கீழ்நோக்கி எந்த வேகத்தில் பவர் ஏறுகிறதோ, அதைப்போல இரு மடங்கு வேகத்தில் பக்கவாட்டில் வேண்டாத சிலிண்டர் பவர், அதாவது பிம்பத்தை ஒரு திசையில் மட்டும் கோணலாக்கும் பவர், சேரும். உங்கள் எண்களையே போடுகிறேன். 1.75 பவர் 14 மில்லிமீட்டரில் ஏறினால், ஒரு மில்லிமீட்டருக்கு 0.125. பக்கவாட்டில் ஒரு மில்லிமீட்டருக்கு 0.25. நடுவிலிருந்து நான்கே மில்லிமீட்டர் விலகினால் 1.00 சிலிண்டர். கதவு நிலை வளைவது இதனால்தான். எவ்வளவு உயர்ந்த ரக லென்ஸும் இந்தக் கோணலை இடம் மாற்றி வைக்கும், பரப்பி மென்மையாக்கும், இல்லாமல் செய்யாது. அப்படிச் சொல்லி விற்கிறவரை நம்ப வேண்டாம்.

ஆக, தலையைத் திருப்பும்போது ஓரம் நீந்துவதும் படி ஏமாற்றுவதும் லென்ஸின் இயல்பு. மூளை இவற்றை ஒதுக்கக் கற்றுக்கொள்ளும். நானே முதல் புரோகிரசிவ் அணிந்த வாரத்தில், கோப்பை மேசைமேல் வைப்பதாக நினைத்து விளிம்புக்கு வெளியே விட்டவன்தான். ஆனால் பாதி வரிதான் தெளிவாகத் தெரிகிறது என்பதும், விரலால் தூக்கினால் திரை தெளிகிறது என்பதும் வேறு வகை. அவற்றைப் பழக்கத்தின் கணக்கில் எழுதக் கூடாது.

விரல் சொல்வது என்ன?

கண்ணாடியைத் தூக்கும்போது லென்ஸின் கீழ்ப்பகுதி மேலேறி உங்கள் கண்மணிக்கு நேரே வருகிறது. அதாவது, நேராகப் பார்க்கும் இடத்தில் உங்களுக்குத் தேவையான நடுத்தூரப் பவர் இல்லை. அது கீழே கிடக்கிறது. இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். லென்ஸைத் தாழ்வாகப் பொருத்தியிருக்கலாம். அல்லது சரியாகவே பொருத்தியிருந்தும், மேசைத் திரை உங்கள் கண் மட்டத்தில் நிற்கலாம். புரோகிரசிவ் லென்ஸில் கண் மட்டம் என்பது தூரத்துக்கான இடம். திரையை அங்கே வைத்தால் முகவாய் உயரத்தான் செய்யும், கழுத்து இறுகத்தான் செய்யும்.

இதோடு பிரேமின் உயரமும் சேர்ந்துகொள்கிறது. ஸ்கேலை வைத்து அளந்து, கண்ணாடிப் பகுதியின் உயரம் 24 மில்லிமீட்டர் என்று எழுதியிருக்கிறீர்கள். நன்றி, இப்படி அளந்து எழுதுகிறவர்கள் அபூர்வம். அந்த உயரத்தில், கண்மணிக்கு நேரான புள்ளியிலிருந்து கீழ் விளிம்பு வரை 14 மில்லிமீட்டரை ஒட்டித்தான் இருக்கும். நீண்ட வழி கொண்ட லென்ஸுக்கு 18 மில்லிமீட்டராவது இருந்தால்தான் படிக்கும் பகுதி முழுதாகக் கிடைக்கும். உங்களுக்கு அந்தப் பகுதியின் பெரும்பங்கை வெட்டிக் கடையில் குப்பைத் தொட்டியில் போட்டிருக்க வாய்ப்பு அதிகம். வழியின் நீளம் குறைந்த லென்ஸ்களும் உண்டு, ஒல்லியான பிரேமில் அவை அடங்கும். ஆனால் அதே பவர் குறைந்த தூரத்தில் செங்குத்தாக ஏற வேண்டியிருப்பதால் நடுத்தூர இடம் இன்னும் நெருக்கமாகிவிடும். திரையே வாழ்க்கையாக இருக்கும் உங்களுக்கு அது ஏற்றதல்ல. உயரமான பிரேம் அழகில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். அந்த முடிவு உங்களுடையது. ஆனால் எதற்கு எதை விட்டுக்கொடுக்கிறோம் என்பதை வாங்கும்போதே யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

கடையில் கேட்க வேண்டியது

நாளைக்கே போங்கள். "பழகவில்லை" என்று சொல்லாதீர்கள். அதற்கான பதில் அவர்களிடம் தயாராக இருக்கிறது. "லென்ஸின் குறிகளை மறுபடி வரைந்து, என் முகத்தில் வைத்துச் சரிபாருங்கள்" என்று கேளுங்கள். எல்லா புரோகிரசிவ் லென்ஸிலும், வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரியும் இரண்டு நுண்ணிய பொறிப்புகள் 34 மில்லிமீட்டர் இடைவெளியில் இருக்கும். காதுப் பக்கம் உள்ள பொறிப்பின் கீழே கூடுதல் பவர் எழுதப்பட்டிருக்கும். உங்களுக்கு அது 1.75தானா என்று அங்கேயே தெரிந்துவிடும். அவற்றை வைத்துத் தயாரிப்பாளரின் அட்டையில் பொருத்தி, மார்க்கரால் கூட்டல் குறியை வரைய ஐந்து நிமிடம் போதும். கண்ணாடியை அணிந்துகொண்டு நேராகத் தூரத்தில் பாருங்கள். கூட்டல் குறி இரு கண்மணிகளின் நடுவிலும் நிற்க வேண்டும். இரண்டு, மூன்று மில்லிமீட்டர் தாழ்ந்திருந்தால் உங்கள் விரல் சொன்னது சரி. பக்கவாட்டில் விலகியிருந்தால், கண்மணிகளுக்கு இடையிலான தூரத்தை ஒவ்வொரு கண்ணுக்கும் தனித்தனியாக எடுக்காமல் மொத்தமாக எடுத்துப் பாதியாக வகுத்திருப்பார்கள். மூக்கு எல்லாருக்கும் சரிநடுவில் இருப்பதில்லை.

சில நேரம் லென்ஸை மாற்றவே வேண்டியதில்லை. மூக்குத் தாங்கிகளைக் கொஞ்சம் நெருக்கினால் கண்ணாடி மேலேறும். பிரேமின் அடிப்பகுதியைக் கன்னத்தை நோக்கிச் சாய்த்து, கண்ணுக்குச் சற்று நெருக்கமாக வைத்தால் படிக்கும் இடம் அகலமாகும். சாவித் துவாரத்தில் கண்ணை ஒட்டிவைத்துப் பார்ப்பதற்கும் தள்ளி நின்று பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம்தான். இதற்கெல்லாம் சிறிய இடுக்கியும் பொறுமையும் போதும்.

இன்னொன்று: முதல் முறை அணிகிறவர்களுக்குப் பழகாவிட்டால் மாற்றித் தரும் ஏற்பாட்டைப் பல லென்ஸ் நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. அதற்குக் காலக்கெடு உண்டு. பில்லையும் உத்தரவாத அட்டையையும் எடுத்துப் படியுங்கள், இல்லாவிட்டால் கடையில் எழுத்தில் கேளுங்கள். "இன்னும் கொஞ்ச நாள் பாருங்கள்" என்ற பேச்சிலேயே அந்தக் கெடு கரைந்துபோன பலரைப் பார்த்திருக்கிறேன்.

சமமில்லாத இரு கண்கள்

கடையில் எல்லாம் சரியாக இருந்தாலும் உங்களுக்கென்று தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. அதை உங்களிடம் யாரும் சொன்னதாகக் கடிதத்தில் தெரியவில்லை. உங்கள் இரு கண்களுக்கும் இடையே 1.75 பவர் வித்தியாசம். லென்ஸின் மையத்தின் வழியாகப் பார்க்கும்வரை இது தொந்தரவு தராது. இத்தனை ஆண்டுகளாக நீங்கள் தலையைக் குனிந்து, மையத்தின் வழியாகவே படித்துவந்தீர்கள். புரோகிரசிவ் உங்களைத் தலையை நிமிர்த்தி வைத்துக் கண்ணை மட்டும் கீழே இறக்கச் சொல்கிறது. மையத்திலிருந்து 10 மில்லிமீட்டர் கீழே பார்த்தால், இரு லென்ஸ்களும் பிம்பத்தை வெவ்வேறு அளவு மேலும் கீழும் நகர்த்தும். உங்கள் கணக்கில் அந்த வித்தியாசம் 1.75 பிரிசம் டயாப்டர் (பிம்பம் நகர்வதை அளக்கும் அலகு). பக்கவாட்டு வித்தியாசத்தைக் கண்கள் எளிதாகச் சமாளிக்கும். மேல் கீழ் வித்தியாசத்தைச் சமாளிக்கும் ஆற்றல் அவற்றுக்கு மிகக் குறைவு.

வீட்டிலேயே சோதிக்கலாம். தாளை 40 சென்டிமீட்டர் தூரத்தில் பிடித்து, லென்ஸின் கீழ்ப்பகுதி வழியாக ஒரு வரியைப் பாருங்கள். வரிக்கு மேலோ கீழோ நிழல் போல இன்னொரு வரி தெரிகிறதா? ஒரு கண்ணை மூடியதும் அந்த நிழல் மறைகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் சிக்கல் இதுதான். பிறகு ஒவ்வொரு கண்ணாக மூடி, தெளிவாகத் தெரியும் பகுதி தாளில் எந்த இடம் என்று பாருங்கள். இரு கண்களுக்கும் அது ஒரே இடமாக இல்லையென்றால், இரண்டும் சேர்ந்து பார்க்கும்போது பாதி வரி மட்டுமே மிஞ்சும். விடையை எழுதி எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். ஒரு லென்ஸின் கீழ்ப்பாதியில் ஈடுசெய்யும் பிரிசம் சேர்க்க முடியும்; அல்லது படிப்பதற்குத் தனிக் கண்ணாடியே உங்களுக்கு நிம்மதி என்ற முடிவுக்கு வரலாம். அது தோல்வி அல்ல.

பழகுவதற்கு எத்தனை நாள்?

பொருத்தம் சரியாக இருந்தால் பெரும்பாலோருக்கு இரண்டு வாரம் போதும். ஆனால் அந்த இரண்டு வாரமும் விடாமல் அணிய வேண்டும். மாலையில் பழைய கண்ணாடிக்கு மாறுவது கண்ணுக்கு ஓய்வு அல்ல. பகலெல்லாம் கற்றதை மூளை இரவில் அழித்துவிடுகிறது. 11 நாள் என்கிறீர்கள். நான் அதை அதில் பாதியாகத்தான் எண்ணுவேன். பிரேம் சரிபார்த்து வந்த நாளிலிருந்து, காலையில் எழுந்ததும் இதையே அணியுங்கள், பழையதைப் பெட்டியில் வைத்து மூடுங்கள். எதைப் பார்க்கிறீர்களோ அதை நோக்கி மூக்கைத் திருப்புங்கள். ஓரக்கண்ணால் பார்க்கும் வழக்கத்தை விடுங்கள். படி இறங்கும்போது மட்டும் முகவாயை நெஞ்சை நோக்கி இறக்கி, லென்ஸின் மேல்பகுதி வழியாகப் படியைப் பாருங்கள். கைப்பிடியைப் பிடிப்பதில் வெட்கம் எதற்கு? முதல் சில நாட்கள் வண்டி ஓட்ட வேண்டாம்.

திரைக்குத் தனிக் கண்ணாடி

எட்டு மணி நேரம் திரை பார்க்கிறவருக்கு ஒரே கண்ணாடியில் உலகம் முழுவதையும் அடக்க நினைப்பதுதான் பேராசை என்பேன். அலுவலக லென்ஸ் என்று ஒரு வகை உண்டு. நேரே பார்த்தால் திரைத் தூரம், கீழே பார்த்தால் தாள். நெடுந்தூரத்தை விட்டுக்கொடுத்துவிடுவதால் நடுத்தூர இடம் தாராளமாகக் கிடைக்கிறது. முகவாய் தன் இடத்துக்கு வந்துவிடுகிறது. அதை அணிந்துகொண்டு வண்டி ஓட்டவோ தெருவில் நடக்கவோ கூடாது. வாங்குவதற்கு முன் உங்கள் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணிலிருந்து திரைக்கும் தாளுக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று யாரையாவது அளக்கச் சொல்லி, அந்த எண்களோடு போங்கள். அதுவரை திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்குக் கீழே வரும்படி இறக்கி, திரையைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்து வையுங்கள். திரைக்கு அடியில் கோப்புகளை அடுக்கி உயர்த்தியிருந்தால் அவற்றை இன்றே எடுத்துவிடுங்கள். நீல ஒளித் தடுப்புப் பூச்சுக்கும் சேர்த்து வாங்கிவிட்டதாக எழுதியிருக்கிறீர்கள். 17 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வுத் தொகுப்பு அமைப்பின் 2023ஆம் ஆண்டு மதிப்பாய்வில், சாதாரண லென்ஸைவிட அது கண் சோர்வைக் குறைப்பதாகத் தெரியவில்லை. வாங்கியது இருக்கட்டும், அடுத்த முறை வேண்டாம்.

அண்ணன் சொல்லும் பைஃபோகல் பழம்பொருளல்ல. படிக்கும் பகுதி அகலம், ஓரக் கோணல் கிடையாது. ஆனால் நடுத்தூரம் அறவே இல்லை, உங்கள் திரை அங்கேதான் இருக்கிறது. பவர் வித்தியாசத் தொல்லை அதிலும் தொடரும். ஆகவே அண்ணனுக்கு நன்றி சொல்லிவிட்டு விட்டுவிடுங்கள். வீட்டில் எழுபது வயதைக் கடந்த பெரியவர்கள் யாரேனும் இருந்தால், அவர்களுக்காக ஒரு வார்த்தை. புரோகிரசிவோ பைஃபோகலோ, கீழே பார்க்கும்போது தரை மங்கும். அதனால் தடுக்கி விழுவதுண்டு. 2010இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், அடிக்கடி வெளியே நடமாடும் முதியவர்களுக்கு வெளியில் அணியத் தூரப் பவர் மட்டும் உள்ள கண்ணாடி கொடுத்தபோது விழுவது குறைந்தது.

லேசிக் பற்றித் தோழி சொன்னது

லேசிக் கருவிழியின் வளைவைச் சீர்செய்கிறது. இறுகிய உள்லென்ஸை அது தொடுவதில்லை. இரு கண்களிலும் மைனஸை முழுவதும் நீக்கிவிட்டால், தூரத்துக்குக் கண்ணாடி வேண்டாம். ஆனால் இன்று கண்ணாடியைக் கழற்றிப் படிக்கிறீர்களே, அந்தச் சலுகை அன்றோடு போகும். கைபேசியைப் பார்க்கவும் கண்ணாடி தேட வேண்டிவரும். ஒரு கண்ணைத் தூரத்துக்கும் மற்றதை அருகுக்கும் என்று பிரித்து வைக்கும் முறையும் உண்டு. அதில் ஆசை இருந்தால், அறுவைக்கு முன்பு காண்டாக்ட் லென்ஸால் அதே ஏற்பாட்டைச் சில வாரம் ஒத்திகை பாருங்கள்: வலக்கண்ணுக்கு முழுப் பவர், இடக்கண்ணில் கொஞ்சம் மைனஸை விட்டுவைத்து. ஆழம் மதிப்பிடுவதும் இரவில் வண்டி ஓட்டுவதும் சிலருக்கு இதனால் சிரமமாகின்றன. ஒத்திகையில் அது தெரிந்துவிட்டால் லென்ஸைக் கழற்றிவிடலாம், லேசிக்கைக் கழற்ற முடியாது. மாதவிடாய் நிற்கும் வயதை ஒட்டிக் கண் உலர்வதும் சகஜம். காண்டாக்ட் லென்ஸ் அந்த உலர்வில் உறுத்தும், லேசிக் அதைக் கூட்டும். கண்ணீர்ச் சுரப்பைச் சோதிக்காமல் எதையும் தொடங்காதீர்கள்.

உள்லென்ஸையே எடுத்துவிட்டு, தூரத்துக்கும் அருகுக்கும் சேர்த்து உதவும் பன்முக லென்ஸ் வைக்கும் அறுவையும் விளம்பரமாகிறது. கண்புரை இல்லாத 48 வயதில், மைனஸ் பவர் உள்ள கண்ணில் நான் அதைப் பரிந்துரைக்க மாட்டேன். விழித்திரை விலகும் ஆபத்து அத்தகைய கண்ணில் கூடுதல். இரவு விளக்குகளைச் சுற்றி ஒளிவட்டமும் வரலாம். கண்மணியைச் சுருக்கிச் சில மணி நேரம் அருகுப் பார்வை தரும் பைலோகார்பின் 1.25 சதவீதச் சொட்டு மருந்துக்கு 2021இல் அமெரிக்காவில் ஒப்புதல் கிடைத்தது. தலைவலி, மங்கிய வெளிச்சத்தில் தடுமாற்றம் ஆகியவை அதன் பக்கவிளைவுகள். அதற்கும் முன்னதாக விழித்திரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

கண்ணாடியின்மேல் பழி போடக் கூடாதவை

திடீரென்று ஒன்று இரண்டாகத் தெரிந்தால், கண்ணுக்குள் மின்னல் வெட்டினால், கரும்புள்ளிகள் மழையாகக் கொட்டினால், ஒரு பக்கம் திரை விழுந்தாற்போல் மறைத்தால், வலியோடு கண் சிவந்தால், அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணாடியைக் கழற்றி, ஒரு கண்ணால் பார்க்கும்போதும் நேர்க்கோடு வளைந்தால் அது லென்ஸின் ஓரக் கோணல் அல்ல. பவர் வாரத்துக்கு வாரம் மாறுவதுபோலத் தோன்றினால் இரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். இந்தப் பரிசோதனையில் கண் அழுத்தத்தையும் பார்வை நரம்பையும் பார்த்தார்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. பார்க்கவில்லையென்றால், நாற்பதைத் தாண்டியவருக்குப் பவர் மட்டும் எழுதிக் கொடுத்தது அரைகுறைப் பரிசோதனை.

பின்குறிப்புக்கு வருகிறேன். இரவில் படுத்துக்கொண்டு, கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் படிக்கிறேன், தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். தவறே இல்லை. உங்கள் இடக்கண் கண்ணாடியில்லாமல் 33 சென்டிமீட்டரில் கூர்மையாகப் பார்க்கும். வலக்கண் 80 சென்டிமீட்டரில் பார்க்கும். தாளைப் படிப்பது இடக்கண்தான், வலக்கண் சும்மா உடன் வருகிறது. படுத்த நிலையில் புரோகிரசிவின் படிக்கும் பகுதி கண்ணுக்கு நேரே வருவதே இல்லை. அதை அணிந்து படுத்துப் படிக்க முயல்வதுதான் வீண் பாடு. விளக்கு மட்டும் நல்ல வெளிச்சமாக இருக்கட்டும்.